பிஎம் 2.5 துகளுக்குள் பிஏஎச்: மொட்டை மாடியிலிருந்து ஜிசி-எம்எஸ் வரை முழு வழிகாட்டி

போகிக்கு மறுநாள் காலை சென்னை நாளிதழ்களில் ஓர் எண் வரும். எந்தப் பகுதியில் பிஎம் 2.5, அதாவது விட்டம் 2.5 மைக்ரோமீட்டரைத் தாண்டாத நுண்துகள், எத்தனை மைக்ரோகிராம் என்று. 2018 போகியன்று புகைமூட்டத்தில் விமானங்களே தாமதமாகின. அன்றும் எல்லாரும் பேசியது அந்த எண்ணைத்தான். அது துகளின் எடையைச் சொல்லும். துகள் எதனால் ஆனது என்பதை அதனிடம் கேட்க முடியாது. கடல் உப்பும் டயர் எரிந்த கரியும் தராசுக்கு ஒன்றுதான்.

துகளுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க நினைக்கும் எம்.எஸ்சி., பிஎச்.டி. மாணவர்களுக்காகவும், இப்படி ஓர் அறிக்கை கையில் வந்தால் எங்கே விரல் வைத்துக் கேள்வி கேட்கலாம் என்று தெரிந்துகொள்ள விரும்புபவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். உதாரணம் சென்னை. செய்முறை எந்த ஊருக்கும் பொருந்தும்.

எதை அளக்கப் போகிறோம்

கரி, டீசல், விறகு, பிளாஸ்டிக் எதுவானாலும் போதிய ஆக்சிஜன் இல்லாமல் எரியும்போது பென்சீன் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு புதிய மூலக்கூறுகள் உருவாகின்றன. இவற்றுக்குப் பல்வளைய அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்கள் என்று பெயர். ஆய்வுக்கூடத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை; பிஏஎச் என்போம். இரண்டு வளையம் என்றால் நாப்தலீன், அதாவது துணி அலமாரியில் போடும் அந்துருண்டை. ஐந்து வளையத்தில் வருவது பென்சோ-ஏ-பைரீன். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதிப்பட்ட முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை வைத்திருக்கிறது. புகைக்கரிக்கும் புற்றுநோய்க்கும் உள்ள உறவு இன்று நேற்றுப் பேச்சல்ல. 1775இலேயே லண்டனில் புகைபோக்கி துடைக்கும் தொழிலாளர்களுக்கு வரும் விதைப்பைப் புற்றுநோயைப் பற்றி பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர் எழுதிவிட்டார்.

வழக்கமாக அளப்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை முன்னுரிமை தந்த 16 பிஏஎச்கள். ஆனால் 16ஐயும் துகள் ஃபில்டரில் பிடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். இரண்டு, மூன்று வளையம் உள்ளவை பெரும்பாலும் வாயுவாகவே திரியும். ஐந்து, ஆறு வளையம் உள்ளவை துகளில் ஒட்டிக்கொள்ளும். நான்கு வளையக்காரர்கள் வெயிலைப் பார்த்து இடம் மாறுவார்கள்: மார்கழிக் காலையில் துகளில், சித்திரை மதியத்தில் காற்றில். வாயுவில் உள்ளதும் வேண்டுமென்றால் ஃபில்டருக்குப் பின்னால் பாலியூரித்தேன் நுரைக் குழாய் வைக்க வேண்டும். இந்த வழிகாட்டி துகளை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அதனால் பென்சோ-ஏ-பைரீன்தான் நம் நாயகன்.

2009 நவம்பர் 18 அன்று அறிவிக்கப்பட்ட தேசியக் காற்றுத் தர நிர்ணயத்தில் இதற்கு ஆண்டுச் சராசரி வரம்பு ஒரு கன மீட்டருக்கு 1 நானோகிராம், அதுவும் துகளில் உள்ளதற்கு மட்டும். அதே அறிவிப்பில் பிஎம் 2.5க்கு ஆண்டுச் சராசரி 40 மைக்ரோகிராம். இரண்டுக்கும் இடையே நாற்பதாயிரம் மடங்கு வித்தியாசம்.

இப்போது ஒரு கணக்கு. சாதாரண பிஎம் 2.5 கருவி நிமிடத்துக்கு 16.7 லிட்டர் காற்றை இழுக்கும். மணிக்கு ஒரு கன மீட்டர், நாளுக்கு 24. காற்றில் சரியாக வரம்பளவு இருந்தால், ஒரு நாள் முடிவில் ஃபில்டரில் இருப்பது 24 நானோகிராம். தூள் உப்பின் ஒரு மணி சுமார் 60 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொண்டால், அதை 2,500 ஆகப் பிரித்து ஒரு பங்கை எடுத்தது போல. இனி வரும் படிகள் எல்லாமே அந்த 24 நானோகிராம் தொலையாமலும், வெளியிலிருந்து இன்னொரு 24 வந்து சேராமலும் பார்த்துக்கொள்ளும் வேலைதான்.

படி 1: இடம் பிடித்தல்

தரையிலிருந்து 3 முதல் 10 மீட்டர் உயரத்தில், நாலா பக்கமும் காற்று வரும் இடம் வேண்டும். பக்கத்துச் சுவர் கருவியைவிட எவ்வளவு உயரமோ அதைப் போல இரண்டு மடங்காவது தள்ளி வையுங்கள். மரத்தடி வேண்டாம். இரண்டு மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடி பெரும்பாலும் தோதாக இருக்கும்.

விதிப்புத்தகம் சொல்லாததைச் சொல்கிறேன். இடத்தை முடிவு செய்வதற்கு முன் காலை ஆறு மணிக்கு ஒரு தடவை, இரவு எட்டு மணிக்கு ஒரு தடவை போய் நின்று பாருங்கள். பகலில் கண்ணில் படாதவை அப்போதுதான் தெரியும்: தெருமுனை இஸ்திரி வண்டியின் கரிப்பெட்டி, பரோட்டாக் கடையின் புகைக்குழாய், குப்பையைக் கூட்டிக் கொளுத்தும் துப்புரவு வேலை. இவை நகரத்தின் காற்றில் உண்டுதான். ஆனால் உங்கள் கருவிக்குப் பத்தடியில் இருந்தால் நீங்கள் அளப்பது நகரத்தை அல்ல, அந்த இஸ்திரி வண்டியை.

கட்டடத்து டீசல் ஜெனரேட்டரின் புகைக்குழாய் எங்கே முடிகிறது என்று கட்டாயம் பாருங்கள். மின்வெட்டு வந்ததும் ஜெனரேட்டர் ஓடும். அந்த மின்சாரத்தில் உங்கள் கருவியும் ஓடும், அந்தப் புகையையும் அதுவே குடிக்கும்.

சென்னைக்கு ஓரிடம் போதாது. மணலி, எண்ணூர் பக்கம் சுத்திகரிப்பு ஆலையும் அனல் மின் நிலையங்களும் இருக்கின்றன. கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் குப்பைக்கிடங்கு. அண்ணா சாலை மாதிரி இடங்களில் வாகனம். குடியிருப்புப் பகுதி ஒன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: எத்தனை நாள், எந்த நாள்

ஆண்டுச் சராசரி என்று எழுத வேண்டுமானால் தேசிய நிர்ணயப்படி ஓர் இடத்தில் வாரம் இரண்டு முறை, ஆண்டுக்குக் குறைந்தது 104 அளவீடுகள் வேண்டும். மாணவர் ஆய்வுகளில் இது நடப்பதில்லை. ஆறு நாளுக்கு ஒருமுறை எடுத்தால் கிழமைகள் மாறி மாறி வரும். ஏழு நாளுக்கு ஒருமுறை எடுத்தால் ஆண்டு முழுக்க ஞாயிற்றுக்கிழமையை மட்டும் அளந்து முடிப்பீர்கள்.

வடகிழக்குப் பருவமழை துகளைக் கழுவிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மட்டும் மாதிரி எடுத்துவிட்டுச் சென்னைக் காற்று நல்ல காற்று என்று முடிவு சொல்லாதீர்கள். அதே போல் போகி, தீபாவளி நாட்களைத் தனியாகக் காட்டுங்கள். சராசரியில் கலந்துவிட்டால் இரண்டும் கெடும்.

படி 3: ஃபில்டர்

பிஏஎச்சுக்கு 47 மில்லிமீட்டர் குவார்ட்ஸ் நார் ஃபில்டர். எடை பார்க்கத் தனியாக டெஃப்லான் ஃபில்டர், பக்கத்திலேயே இன்னொரு கருவியில். ஒரே ஃபில்டரில் இரண்டையும் முடிக்கலாம் என்று ஆசை வரும். குவார்ட்ஸ் ஈரத்தை உறிஞ்சும், இடுக்கி பட்ட இடத்தில் நார் உதிரும்; சென்னை ஈரப்பதத்தில் அந்த எடையை நம்ப முடியாது.

புது ஃபில்டர் சுத்தமானது என்று நினைக்காதீர்கள். அலுமினியத் தாளில் தளர்வாகச் சுற்றி மஃபிள் உலையில் 500 டிகிரி செல்சியஸில் ஐந்தாறு மணி நேரம் சுட வேண்டும். நாரில் ஒட்டியிருக்கும் கரிமப் பொருள் எல்லாம் எரிந்துபோகும். ஆறியதும் அதே தாளில் மூடிக் கண்ணாடிப் பெட்டியில் வையுங்கள். பிளாஸ்டிக் டப்பா வேண்டாம். அதிலிருந்து தாலேட் (பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்ப்பது) கசிந்து, கடைசியில் ஜிசி-எம்எஸ், அதாவது சேர்மங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து நிறையை அளக்கும் கருவி, வரையும் படத்தில் நிறை எண் 149இல் மலை மாதிரி எழும்பி நிற்கும். ஒரே தொகுதியில் சுட்ட ஃபில்டர்களுக்கு ஒரே தொகுதி எண் எழுதுங்கள். எதற்கு என்பது படி 8, 9இல் புரியும்.

கருவியின் தலையில் பெரிய துகளைப் பிரிப்பது வின்ஸ் இம்பாக்டரா, சைக்ளோனா என்று பாருங்கள். வின்ஸ் வகையில் எண்ணெயில் நனைத்த சிறு ஃபில்டர் உள்ளே இருக்கும். எடைக்கு அது பிரச்சினையில்லை. கரிமச் சேர்மங்களை அளக்கும்போது எண்ணெயை ஏன் பக்கத்தில் வைக்க வேண்டும்? கிடைத்தால் சைக்ளோனையே வாங்குங்கள்.

படி 4: அந்த 24 மணி நேரம்

தொடங்குமுன் கசிவுச் சோதனை. பிறகு தனி ஃப்ளோ மீட்டரால் காற்றோட்டத்தைச் சரிபாருங்கள், முடிந்ததும் இன்னொரு முறை. இரண்டுக்கும் இடையே 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த நாளைக் கைவிடுங்கள். மனசு வராது. ஆனாலும் கைவிடுங்கள்.

கருவி ஓடிய நேரத்தைக் கருவியின் கடிகாரத்திலிருந்து எழுதுங்கள், கைக்கடிகாரத்திலிருந்து வேண்டாம். இடையில் 36 நிமிடம் மின்சாரம் போனது நீங்கள் வீட்டில் தூங்கும்போது உங்களுக்குத் தெரிந்திருக்காது.

ஃபில்டரில் படிந்த பிஏஎச் அங்கேயே பத்திரமாக இருக்கும் என்பதும் இல்லை. மதிய வெயிலில் இலேசானவை ஆவியாகி ஓடும். காற்றில் உள்ள ஓசோன் பென்சோ-ஏ-பைரீனைச் சிதைக்கும். வாயுவாக இருந்த சில சேர்மங்கள் குவார்ட்ஸில் புதிதாக வந்து ஒட்டும். இவற்றை முழுக்கத் தடுக்க வழியில்லை. 24 மணி நேரம் முடிந்ததும் ஃபில்டரை உடனே எடுத்துவிடுவதுதான் நம் கையில் இருப்பது. நாளைக் காலை எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால் நேற்றைய மாதிரியை இன்றைய வெயில் தின்றுவிடும்.

படி 5: கொண்டுவந்து சேர்த்தல்

சுட்ட அலுமினியத் தாளில், துகள் படிந்த பக்கம் உள்ளே வருமாறு மடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்து வாருங்கள். ஆய்வுக்கூடத்தில் மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசர். புற ஊதாக் கதிர் பிஏஎச்சை உடைக்கும், அதனால் இனி எல்லாம் பழுப்புக் கண்ணாடியில்தான். ஒரு வாரத்துக்குள் கரைப்பானில் பிரித்தெடுத்து, நாற்பது நாளுக்குள் கருவியில் ஏற்றிவிடுங்கள்.

படி 6: பிரித்தெடுத்தல், சுருக்குதல்

கரைப்பான் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. டியூட்டீரியம், அதாவது கனமான ஹைட்ரஜன், ஏற்றிய பிஏஎச்சைத் தெரிந்த அளவில் ஃபில்டர் மேலேயே விடுங்கள். உதாரணமாக, 12 ஹைட்ரஜனும் டியூட்டீரியமாக மாறிய பென்சோ-ஏ-பைரீன். வேதியியலில் அது நிஜப் பென்சோ-ஏ-பைரீன் மாதிரியே நடந்துகொள்ளும், ஆனால் நிறை 264, நிஜத்துக்கு 252. வழியில் நிஜம் எவ்வளவு தொலைகிறதோ இதுவும் அவ்வளவு தொலையும். 50 நானோகிராம் விட்டு, கடைசியில் 40 கிடைத்தால் ரெக்கவரி 80 சதவீதம். 60க்குக் கீழே போனாலோ 120க்கு மேலே ஏறினாலோ அந்த மாதிரியை நம்பாதீர்கள்.

பிரித்தெடுக்க சாக்ஸ்லெட், அல்ட்ராசானிக், அழுத்தக் கரைப்பான் கருவி என்று மூன்று வழிகள். சாக்ஸ்லெட் பழசு, 16 மணி நேரத்துக்கு மேல் ஆகும், கரைப்பானும் நிறையப் போகும்; ஆனால் மன்னிக்கும் குணம் உண்டு. அல்ட்ராசானிக்கில் டைகுளோரோமீத்தேன் ஊற்றி இருபது, முப்பது நிமிடம் வீதம் மூன்று முறை செய்தால் போதும். தொட்டியில் ஐஸ் போடுங்கள். டைகுளோரோமீத்தேன் கொதிப்பது 40 டிகிரியில். மே மாதம் ஏசி இல்லாத அறையில் பாட்டில் மூடியைத் திறந்தாலே சீறும். புகை உறிஞ்சும் அலமாரிக்குள் வைத்துத்தான் வேலை. நீல நைட்ரைல் கையுறை இதற்குப் பாதுகாப்பில்லை. ஓரிரு நிமிடத்தில் ஊடுருவிவிடும். மேலே பட்டால் உடனே கழற்றி எறியுங்கள்.

குவார்ட்ஸ் நாரை வடிகட்டிவிட்டு ரோட்டரி எவாப்பரேட்டரில் 30, 35 டிகிரி தண்ணீர்த் தொட்டியில் சில மில்லியாகச் சுருக்குங்கள். சுத்தம் செய்ய சிலிக்கா ஜெல் நெடுங்குழாய். முதலில் பென்டேனோ ஹெக்சேனோ ஊற்றினால் வாகன எண்ணெயின் நேர்ச்சங்கிலி ஹைட்ரோகார்பன்கள் வரும், அதைக் கொட்டிவிடலாம். அடுத்து டைகுளோரோமீத்தேன் கலந்து ஊற்றும்போது பிஏஎச் இறங்கும்.

கடைசிச் சுருக்கல் மெல்லிய நைட்ரஜன் வீச்சில், 1 மில்லிக்கு. அதிகம் பேர் கோட்டை விடும் இடம் இது. போனை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் குப்பி வறண்டிருக்கும். வறண்டால் நாப்தலீன் முதல் பைரீன் வரை ஆள் இருக்கமாட்டார்கள். ஒரு சொட்டு டொலுயீன் முன்கூட்டியே விட்டு வைத்தால் அது கடைசிவரை நின்று காக்கும்.

படி 7: ஜிசி-எம்எஸ்

30 மீட்டர் நீளம், 0.25 மில்லிமீட்டர் விட்டம், ஐந்து சதவீதம் ஃபீனைல் உள்ள பிரிப்புக் குழாய் (column) போதும். ஓட்டிச்செல்லும் வாயு ஹீலியம். ஊசியில் 1 மைக்ரோலிட்டர், ஸ்ப்ளிட்லெஸ், அதாவது ஒரு பங்கை வெளியே விடாமல் முழுவதையும் உள்ளே அனுப்பும் முறை. அடுப்பு 70 டிகிரியில் தொடங்கி 300 தாண்டும்வரை ஏற வேண்டும். இன்ஜெக்டரும், பிரிப்புக் குழாயிலிருந்து எம்எஸ்ஸுக்குப் போகும் இணைப்பும் 280, 300 டிகிரியில் இருக்கட்டும். வழியில் ஓர் இடம் ஆறியிருந்தாலும் ஆறு வளையச் சேர்மங்கள் அங்கேயே குடியேறிவிடும், படத்தில் வால் நீண்ட மொட்டை உச்சி வரும்.

முழு வருடல் வேண்டாம். குறித்த அயனிகளை மட்டும் கேட்கும் சிம் முறையில் ஓட்டுங்கள். பினான்த்ரீனுக்கு 178, ஃப்ளோரான்தீன், பைரீன் இரண்டுக்கும் 202, கிரைசீனுக்கு 228, பென்சோ-ஏ-பைரீனுக்கு 252.

252 என்று பார்த்ததும் குதிக்காதீர்கள். அதே நிறையில் பென்சோ-பி-ஃப்ளோரான்தீன், பென்சோ-கே-ஃப்ளோரான்தீன், பென்சோ-இ-பைரீன், பெரிலீன் எல்லாம் வரிசையாக வரும். பென்சோ-இ-பைரீனுக்கு அடுத்தபடியாக, பெரிலீனுக்கு முன்னால் வருவதுதான் நம்முடையது. டியூட்டீரியம் ஏற்றிய ஜோடி அதற்கு ஒரு நொடி, இரண்டு நொடி முன்னால் வரும். அதை வைத்து ஆளை அடையாளம் காணலாம். பி, கே இரண்டும் பிரியாவிட்டால் பிரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். கூட்டிச் சேர்த்து ஒன்றாகவே எழுதுங்கள்.

கேலிப்ரேஷனுக்கு, அதாவது அளவு தெரிந்த கரைசல்களை (ஸ்டாண்டர்டு) ஓட்டிக் கருவிக்கு அளவுகோல் போட, ஐந்து புள்ளிகளாவது வேண்டும். 24 நானோகிராம் 1 மில்லியில் கரைந்தால், ஊசியில் ஏறும் 1 மைக்ரோலிட்டரில் இருப்பது 24 பிகோகிராம். ஆகவே உங்கள் மிகக் கீழான ஸ்டாண்டர்டு மில்லிக்கு 5 நானோகிராம் அளவுக்காவது கீழே இறங்க வேண்டும். 100இல் தொடங்கும் கோட்டை வைத்துக்கொண்டு 24ஐப் படிக்காதீர்கள். மொத்தச் செய்முறையும் சரியா என்று பார்க்க அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட்டின் நகரத் தூசி மாதிரி, எண் 1649, கிடைக்கும். விலை கடிக்கும். துறையில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்குங்கள்.

படி 8: பிளாங்க்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

காற்று இழுக்காத ஃபில்டர் ஒன்றை மொட்டை மாடிக்கு எடுத்துப்போய், கருவியில் மாட்டி, கழற்றி, மற்ற ஃபில்டர்களோடு கொண்டுவந்து, அதே கரைப்பான், அதே குழாய், அதே ஊசி என்று எல்லாம் செய்யுங்கள். அதுதான் கள பிளாங்க். பத்து மாதிரிக்கு ஒன்றாவது வேண்டும். அதில் வரும் எண் உங்கள் கையால் வந்தது.

நான் வேலை பழகிய காலத்தில் ஒருமுறை பிளாங்க்கில் பினான்த்ரீனும் பைரீனும் மாதிரிக்குச் சமமாக வந்தன. கரைப்பானை மாற்றினோம், கண்ணாடிச் சாமான்களை மறுபடி சுட்டோம், ஊசியை மாற்றினோம், மூன்று வாரம் போனது. ஒரு நாள் இரவு ஏதோ மறந்துபோய்த் திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது. ஃபில்டர்களை மடித்து வைக்கும் அறையில்தான் இரவுக் காவலர் உட்காருவார், காலடியில் கொசுவத்தி. பாவம், அவர்மேல் தப்பில்லை. அங்கே ஏற்றக்கூடாது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அந்த மாதத்து மாதிரிகள் அத்தனையும் குப்பைக்குப் போயின.

அலமாரியில் அந்துருண்டை, மேசையில் சாமி படத்துக்கு ஊதுபத்தி, பக்கத்து அறையில் புகைபிடிப்பவர். ஆய்வுக்கூடத்தை ஒருமுறை இந்தக் கண்ணோடு சுற்றி வாருங்கள்.

பிளாங்க்கை வைத்துத்தான் கண்டறியும் எல்லையையும் சொல்ல முடியும். ஏழெட்டு பிளாங்க்குகளின் திட்ட விலக்கத்தை மூன்றால் பெருக்குங்கள். விலக்கம் 1.1 நானோகிராம் என்றால் எல்லை 3.3, 24 கன மீட்டரால் வகுத்தால் 0.14. அதற்குக் கீழே வந்தால் பூஜ்யம் என்று எழுதாதீர்கள், எல்லைக்குக் கீழே என்று எழுதுங்கள்.

படி 9: கணக்கு

கற்பனை எண்களை வைத்துப் பார்ப்போம். டியூட்டீரிய ஜோடியோடு ஒப்பிட்டதில் முழு ஃபில்டரில் பென்சோ-ஏ-பைரீன் 60 நானோகிராம். இப்படி ஒப்பிடும்போது ரெக்கவரி இழப்பு தானாகவே சரியாகிவிடும். மறுபடி ஒருமுறை 0.8ஆல் வகுத்து இரட்டிப்பாகத் திருத்தும் தவறு அடிக்கடி நடக்கிறது. அந்தத் தொகுதி பிளாங்க்கின் சராசரி 4. மிச்சம் 56. அன்று 36 நிமிட மின்வெட்டு, ஆக ஓடிய காற்று 24 இல்லை, 23.4 கன மீட்டர். விடை: கன மீட்டருக்கு 2.4 நானோகிராம். கால்குலேட்டர் 2.3932 என்று காட்டும். அந்தக் கடைசி மூன்று இலக்கங்களுக்கு இங்கே எந்த அர்த்தமும் இல்லை.

16 பிஏஎச்சையும் ஒரே நச்சு அளவாகச் சொல்ல நச்சுச் சமன் காரணிகள் உண்டு. 1992இல் நிஸ்பெட், லகாய் இருவரும் தந்த பட்டியல் இன்னமும் புழக்கத்தில் இருக்கிறது. பென்சோ-ஏ-பைரீன் 1 என்றால் பென்சோ-பி-ஃப்ளோரான்தீன் 0.1, கிரைசீன் 0.01. டைபென்ஸ்-ஏஎச்-ஆன்த்ரசீனுக்கு அந்தப் பட்டியலில் 5. வேறு பலர் 1 என்று எடுக்கிறார்கள். இந்த ஒரு எண்ணால் மொத்தக் கணக்கும் புரளும், எதை எடுத்தீர்கள் என்று சொல்லிவிடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, வாழ்நாள் முழுக்கக் கன மீட்டருக்கு 1 நானோகிராம் பென்சோ-ஏ-பைரீன் உள்ள காற்றைச் சுவாசித்தால் லட்சம் பேரில் கூடுதலாகச் சுமார் ஒன்பது பேருக்குப் புற்றுநோய் வரலாம். இது ஆண்டுகள் நீண்ட சராசரிக்குச் சொன்னது. போகி ஒரு நாள் எண்ணை இதில் பெருக்கித் தலைப்புச் செய்தி ஆக்குவது அபத்தம்.

படி 10: எங்கிருந்து வந்தது?

விகிதங்களை வைத்து மூலம் சொல்வது பிரபலம். ஃப்ளோரான்தீனை, ஃப்ளோரான்தீன், பைரீன் கூட்டுத்தொகையால் வகுத்தால் 0.4க்கும் 0.5க்கும் நடுவே வந்தால் டீசல், பெட்ரோல், 0.5ஐத் தாண்டினால் விறகு, நிலக்கரி. கேட்க எளிது. ஆனால் இரண்டும் நான்கு வளையக்காரர்கள், வெயிலில் இடம் மாறுகிறவர்கள் என்று முதலிலேயே பார்த்தோம். 0.48க்கும் 0.52க்கும் நடுவே உள்ள வித்தியாசத்தை நம்பி எந்த ஆலையையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

அதைவிட நேரடி சாட்சிகள் இருக்கின்றன. விறகும் சருகும் எரிந்தால் லெவோகுளுக்கோசன் வரும். வாகன எஞ்சின் எண்ணெயைக் காட்டுவது ஹோப்பேன்கள். பிளாஸ்டிக் கலந்த குப்பை எரிந்தால் 1,3,5-ட்ரைஃபீனைல்பென்சீன் வரும். சென்னைத் துகளிலேயே அது கண்டறியப்பட்டிருக்கிறது. ட்ரைஃபீனைல்பென்சீனையும் ஹோப்பேனையும் அதே ஜிசி-எம்எஸ்ஸில் பார்க்கலாம். என்ன, படி 6இல் கொட்டச் சொன்னேனே அந்த முதல் பங்கு, அதில்தான் ஹோப்பேன் இருக்கும். வேண்டுமென்றால் கொட்டாமல் பிடித்து வையுங்கள். லெவோகுளுக்கோசன் சர்க்கரை வகை. அதற்குத் தனிப் பிரித்தெடுப்பும், ஜிசியில் ஆவியாகும்படி மாற்றும் சைலைலேற்றமும் வேண்டும், ஆகையால் ஃபில்டரை வெட்டி ஒரு பாதியை அதற்கு ஒதுக்க வேண்டியிருக்கும்.

அறிக்கையில் எழுத வேண்டியவை

இடத்தின் உயரம், பக்கத்து அடுப்புகள், ஓடிய மணி நேரம், இழுத்த காற்றின் கன அளவு, அது அன்றைய வெப்பநிலையிலா திருத்திய வெப்பநிலையிலா என்பது, பிளாங்க் சராசரி, கண்டறியும் எல்லை, ரெக்கவரி, கைவிட்ட நாட்களின் எண்ணிக்கையும் காரணமும். பிறகு விடை. மேலே உள்ள கற்பனை நாளை நான் எழுதினால் இப்படி வரும்: பிஎம் 2.5 துகளில் பென்சோ-ஏ-பைரீன், 24 மணி நேர மாதிரி, ஓடியது 23.4 மணி, கன மீட்டருக்கு 2.4 நானோகிராம், கண்டறியும் எல்லை 0.14, ரெக்கவரி 80 சதவீதம், இரவில் 36 நிமிடம் மின்சாரம் இல்லை, அப்போது கருவி நின்றிருந்தது.